செயற்கைக்கோள் காண்பது தீயையா, வறட்சியையா? சேர்வராயன் மலையை வைத்து ஓர் எளிய விளக்கம்

மாசி மாதம் பிறந்து மலையடிவாரத்துப் புல் வெளிறத் தொடங்கியதும், சேலத்தில் ஒரு படம் கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கும். சேர்வராயன் மலைத்தொடர் முழுவதும் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தெரிகிற செயற்கைக்கோள் வரைபடம் அது. அதன் கீழே "ஏற்காடு மலை பற்றி எரிகிறது" என்றோ, "மலையில் 46 டிகிரி, எந்த நேரமும் தானாகத் தீப்பிடிக்கும்" என்றோ ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் இரண்டுமே தவறு. ஆனால் அந்தப் படமே பொய் என்று தள்ளிவிடுவதும் தவறுதான். அதற்குள் ஓர் உண்மையான எச்சரிக்கை இருக்கிறது. படிக்கத் தெரியாததால் அது நம் கண்ணில் படாமல் போகிறது. காட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள் அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செயற்கைக்கோளிலிருந்து நமக்குக் கிடைப்பவை இரண்டு வேறு வரைபடங்கள். ஒன்று தீப்புள்ளி வரைபடம். இந்த இடத்தில், செயற்கைக்கோள் கடந்த நேரத்தில், ஏதோ எரிந்துகொண்டிருந்தது என்று அது சொல்கிறது. மற்றொன்று தரைப்பரப்பு வெப்பநிலை வரைபடம். நிலத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருந்தது என்று அது சொல்கிறது. இரண்டுக்கும் சிவப்பு நிறத்தையே பயன்படுத்துவதால் ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்கிறோம். முதலாவது நடந்துகொண்டிருக்கும் தீயைப் பற்றியது. இரண்டாவது தீயைப் பற்றியதே அல்ல, தண்ணீரைப் பற்றியது. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

வானிலை அறிக்கையின் 39, வரைபடத்தின் 50

செய்தியில் "சேலத்தில் இன்று 39 டிகிரி" என்று வாசிக்கும்போது அது காற்றின் வெப்பநிலை. நிழலில், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஓராள் உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்த வெப்பமானி காட்டும் அளவு. செயற்கைக்கோள் அளப்பது அதுவல்ல. அது மேலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுகிற மேற்பரப்பின் சூட்டை அளக்கிறது. அடர்ந்த காடாக இருந்தால் மர உச்சியின் இலைகள். வெற்று நிலமாக இருந்தால் மண். கரடாக இருந்தால் பாறை. இதற்குப் பெயர் தரைப்பரப்பு வெப்பநிலை. சித்திரை மாத நண்பகலில் காற்று 39 டிகிரியில் இருக்கும்போது வெயிலில் கிடக்கும் வெற்று மண் 50 டிகிரியைத் தொடலாம். ஆகவே வரைபடத்தில் 46, 48 என்று பார்த்ததும் "அறிக்கையில் மறைக்கிறார்கள்" என்று யாரும் கொதிக்க வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு அளவுகள், இரண்டும் சரியே.

அந்தச் சூட்டில் காடு தானாகப் பற்றிக்கொள்ளுமா? பற்றாது. காய்ந்த சருகு பற்றுவதற்கு 250 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். வெயில் மட்டும் நம் மலையை அந்த நிலைக்குக் கொண்டுபோகாது. இந்தியாவில் காட்டுத்தீயின் மிகப் பெரும்பகுதி மனிதர்களால், தெரிந்தோ தெரியாமலோ, மூட்டப்படுவது. அப்படியானால் தரையின் சூட்டை அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு முன் அளக்கும் முறையைச் சிறிது பார்த்துவிடலாம்.

தொடாமல் அளப்பது எப்படி

சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. அகச்சிவப்புக் கதிர் என்பது அதுதான். பாறை, இலை, தண்ணீர், நம் உடல் என்று எதுவும் இதற்கு விலக்கல்ல. இதில் இரண்டு விதிகளை நினைவில் வைத்தால் போதும். பொருள் சூடாகச் சூடாக அது வீசும் கதிர் அதிகரிக்கும். அத்துடன் அந்தக் கதிரின் அலைநீளமும் குறுகிக்கொண்டே வரும். அலைநீளத்தை மைக்ரான் என்ற அலகால் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 27 டிகிரியில் இருக்கும் தரை அதிகமாக வீசுவது 10 மைக்ரான் அளவுள்ள கதிர். 727 டிகிரியில் எரியும் தீ அதிகமாக வீசுவது ஏறக்குறைய 3 மைக்ரான் அளவுள்ள கதிர்.

செயற்கைக்கோளில் உள்ள உணர்கருவி இந்தக் கதிரைப் பிடித்து, இவ்வளவு கதிர் வந்தால் மேற்பரப்பு இவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. இடையில் உள்ள காற்றின் ஈரம் கொஞ்சம் கதிரை விழுங்கிவிடும். பாறையும் இலையும் ஒரே சூட்டில் இருந்தாலும் சற்றே வேறுபட்ட அளவில் கதிர் வீசும். இவற்றுக்கெல்லாம் திருத்தம் செய்த பிறகே வரைபடம் நம் கைக்கு வருகிறது. மேகம் இருந்தால் எதுவும் நடக்காது. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ச்சி என்பதுதான் தெரியும். கீழே உள்ள மலை தெரியாது.

வரைபடம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரமும் ஒரு பிக்சல். ஒரு பிக்சலுக்கு ஒரே ஓர் எண்தான் கிடைக்கும். டெரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவிக்கு வெப்ப பிக்சலின் பக்கம் ஒரு கிலோமீட்டர். லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களுக்கு 100 மீட்டர். மோடிஸ் நாள்தோறும் பார்க்கும். லேண்ட்சாட் இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறைதான் ஓர் இடத்தைப் பார்க்கும். அடிக்கடி பார்ப்பது மங்கலாகப் பார்க்கிறது, கூர்மையாகப் பார்ப்பது அரிதாக வருகிறது. இந்தத் துறையில் எந்த வரைபடத்தை எடுத்தாலும் இந்த இழுபறி இருக்கும். ஏற்காட்டில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் ஒரு காபித் தோட்டமும் ஒரு மொட்டைப் பாறையும் கொண்டை ஊசி வளைவுகள் இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும். அந்தச் சதுரத்தின் எண் எல்லாவற்றின் கலவை.

இதுவரை பார்த்ததன் சாரம்: செயற்கைக்கோள் காற்றை அளப்பதில்லை, மேற்பரப்பை அளக்கிறது. அந்த மேற்பரப்பு வீசும் அகச்சிவப்புக் கதிரே அதன் வெப்பமானி. மேகம் மறைத்தால் அளவு இல்லை.

மண்பானை சொல்லும் பாடம்

கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்த வெப்பம் சாதாரண அளவல்ல. ஒரு லிட்டர் நீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேலானது, அதே ஒரு லிட்டர் ஆவியாகும்போது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பம். பானையில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் கசிவு நின்றுபோகும்; கொஞ்ச நேரத்தில் பானை வீட்டின் சூட்டுக்கே வந்துவிடும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம். வெளிப்புறத்தைத் தொட்டாலே உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

மரமும் இதையேதான் செய்கிறது. வேர் மண்ணிலிருந்து நீரை இழுக்கிறது. இலையின் அடிப்புறத்தில் உள்ள நுண்ணிய வாய்கள் வழியே அந்த நீர் ஆவியாக வெளியேறுகிறது. அந்த வாய்களுக்கு இலைத்துளை என்று பெயர். நீர் வெளியேறுவதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். எரிக்கும் வெயிலிலும் நன்றாக நீர் கிடைக்கும் மரத்தின் இலை காற்றின் சூட்டை ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருப்பது இதனால்தான். மண்ணில் ஈரம் குறைந்ததும் மரம் தன்னைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. கசிவு நின்றுவிடுகிறது; இலை சூடாகத் தொடங்குகிறது. 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் அந்தச் சூட்டைப் பார்த்துவிடுகிறது.

இங்கேதான் இந்த அளவின் உண்மையான மதிப்பு இருக்கிறது. தாகம் தொடங்கிய மரம் உடனே பழுப்பாவதில்லை. நம் கண்ணுக்கும் சாதாரணப் புகைப்படத்துக்கும் அது இன்னும் சில நாள், சில வாரம் பச்சையாகவே தெரியும். ஆனால் அதன் சூடு அதற்கு முன்பே ஏறிவிடும். ஆகவே தரைப்பரப்பு வெப்பநிலை வரைபடத்தில் சிவப்பாகும் காடு "நான் எரிகிறேன்" என்று சொல்லவில்லை. "எனக்குள் தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்று சொல்கிறது.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். தீ முதலில் பிடிப்பது உயிருள்ள இலையில் அல்ல. கீழே கிடக்கும் சருகிலும் காய்ந்த புல்லிலும்தான். அவற்றின் ஈரம் மண்ணைவிடக் காற்றை நம்பியிருக்கிறது. ஒரு பகல் வறண்ட காற்று வீசினாலே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஓர் இரவுப் பனியில் மீண்டும் பதமாகிவிடும். இலைக்கூரைக்கு அடியில் நடக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைச் செயற்கைக்கோள் நேரடியாகப் பார்க்காது. மரம் தாகத்தில் இருக்கும் பருவத்தில் சருகும் காய்ந்தே இருக்கும் என்ற உறவை வைத்துத்தான் நாம் ஊகிக்கிறோம். அதனால்தான் வெப்பநிலை வரைபடத்துடன் காற்றின் ஈரப்பதமும் வேகமும் சேராமல் யாரும் நாளைய அபாயத்தைச் சொல்ல முடியாது.

மலையை மலையோடு அல்ல, தன்னோடு ஒப்பிட வேண்டும்

மக்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் எது அதிகச் சிவப்போ அதுவே அதிக ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டரில். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி இரண்டுக்கும் இடையே எட்டு டிகிரி வேறுபாடு இயல்பாகவே இருக்கும். அடிவாரம் சிவப்பாகவும் மலையுச்சி மஞ்சளாகவும் தெரிவதில் செய்தி எதுவும் இல்லை. உச்சியில் ஆபத்தில்லை என்றும் அதற்குப் பொருள் இல்லை.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். சேலத்தில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருவது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில். அதற்கு முன், பிப்ரவரியிலும் மார்ச்சிலும், நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். அதனால் தெற்குப் பார்த்த சரிவுகள் அதிக வெயிலை வாங்கிக்கொண்டு வேகமாகக் காயும். சேலத்திலிருந்து நாம் அண்ணாந்து பார்க்கிற, 20 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறுகிற முகம் அந்தத் தெற்கு முகம்தான். மலையின் மிகக் காய்ந்த பக்கமும் மிக அதிகமான வாகனங்கள் போகிற பக்கமும் ஒன்றாக இருப்பது, இந்த மலையின் தீ அபாயத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கவலை தருகிற விஷயம்.

இன்னொரு சிக்கல் இலையுதிர்வு. அடிவாரத்திலும் கீழ்ச் சரிவுகளிலும் இருப்பது முட்புதர்க் காடும் வறண்ட இலையுதிர்க் காடும். கோடை நெருங்கும்போது இந்த மரங்கள் இலையைக் கொட்டிவிடும். அது நோயல்ல, நீரைச் சேமிக்க அவை கண்ட வழி. இலை போனதும் செயற்கைக்கோள் கிளைகளுக்கு இடையே நேராகத் தரையைப் பார்க்கிறது. வெற்றுத் தரை சூடானது. வரைபடம் சட்டென்று சிவக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டிலும் இது நடக்கும்.

நகரமலை, ஜருகுமலை போன்ற கரடுகளின் பாறை முகங்களும் இப்படியே. ஆண்டு முழுவதும் அவை சூடாகத்தான் தெரியும். அங்கே எரிய என்ன இருக்கிறது? மேக்னசைட் எனும் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் பகுதிக்கும் இதுவே பொருந்தும். எல்லாவற்றையும்விட வியப்பானது எரிந்து முடிந்த இடம். கரி படிந்த கருநிலம் வெயிலை நன்றாக உறிஞ்சுவதால், தீ அணைந்து வாரக்கணக்கான பிறகும் வரைபடத்தில் அது கடுஞ்சிவப்பாக இருக்கும். அந்தப் பருவத்தில் மலையிலேயே மீண்டும் எரிய வாய்ப்புக் குறைந்த இடம் அதுவாகவும் இருக்கலாம், ஏனென்றால் எரிபொருள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் தீர்வு ஒன்றுதான்: ஒவ்வொரு சதுரத்தையும் அதன் சொந்த வரலாற்றோடு ஒப்பிடுவது. டெரா 1999 டிசம்பரிலும் அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டவை. இருபது ஆண்டுகளுக்கும் மேலான பதிவு நம்மிடம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, கீழ்ச் சரிவில் ஒரு சதுரம் மார்ச் இரண்டாம் வாரத்தில் வழக்கமாக 41 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு அதே வாரத்தில் 44 காட்டினால் அந்த மூன்று டிகிரிதான் செய்தி. 44 என்ற எண் அல்ல. இதை இயல்பிலிருந்து விலகல் என்பார்கள். பாறை எப்போதும் சூடாக இருப்பதால் அதன் விலகல் சுழியை ஒட்டியே இருக்கும். இலையுதிர்வும் ஆண்டுதோறும் வருவதால் பெரும்பாலும் கழிந்துபோகும். மிஞ்சுவது இந்த ஆண்டுக்கே உரிய வறட்சி.

இதோடு பசுமைக் குறியீட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டியுள்ள அகச்சிவப்பை எதிரொளிக்கும். இந்த இரண்டின் விகிதத்திலிருந்து ஓர் இடம் எவ்வளவு பச்சை என்று எண்ணாகச் சொல்லலாம். பச்சையும் குளிர்ச்சியும் சேர்ந்திருந்தால் கவலையில்லை. பச்சை குறைந்து சூடு கூடியிருந்தால் இலை உதிர்ந்திருக்கலாம், வெட்டப்பட்டிருக்கலாம், எரிந்தும் இருக்கலாம். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நான் மிகவும் மதிப்பது மூன்றாவது சேர்க்கையை: பச்சை குறையவில்லை, சூடு மட்டும் வழக்கத்தைவிட ஏறியிருக்கிறது. தாகம் தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்பதன் அடையாளம் அது. மலைமேல் சில்வர் ஓக் நிழலில் வளரும் காபித் தோட்டங்களின் ஓரங்களிலும், எஞ்சியிருக்கும் சோலைக் காடுகளிலும் கவனிக்க வேண்டியது இதைத்தான். காபி பூப்பதற்காகத் தோட்டக்காரர்கள் காத்திருக்கும் மார்ச், ஏப்ரல் மழை ஒன்று பெய்துவிட்டால், மேகம் விலகியதும் இந்தச் சூடு இறங்கியிருப்பதை வரைபடத்திலேயே காணலாம்.

சுருக்கமாக: சிவப்பு நிறத்தை அப்படியே நம்பக் கூடாது. அதே இடம், அதே வாரம், கடந்த ஆண்டுகள். இந்த ஒப்பீடு இல்லாத வெப்ப வரைபடத்தால் தீ அபாயத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வறட்சி மட்டும் தீயல்ல

காய்ந்த காடு எரிவதற்கு ஒரு பொறி வேண்டும். அதைச் செயற்கைக்கோளால் முன்கூட்டிப் பார்க்க முடியாது. புதுப்புல் தழைக்க வேண்டும் என்று மேய்ச்சல் நிலத்தில் வைக்கும் தீ, தேனெடுக்க மூட்டும் புகை, காட்டோர வயலில் எரிக்கும் கரும்புத் தோகை, சாலையோரம் குவித்துக் கொளுத்தும் குப்பை, வண்டியிலிருந்து வீசும் சிகரெட் துண்டு, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அணைக்காமல் போகும் அடுப்பு என்று வழிகள் பல. தீ என்றதும் மலையில் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள்மேல் பழிபோடுவது சிலருக்கு வழக்கம். எந்த வரைபடமும் யார் வைத்தது என்று சொல்வதில்லை. சாலையை ஒட்டி எழும் தீக்குச் சாலையில் போகிறவர்களும் பொறுப்பு.

ஆகவே அபாய வரைபடம் தயாரிப்பவர்கள் வெப்ப விலகலோடு வேறு சிலவற்றையும் அடுக்குகிறார்கள். சாலை, ஒற்றையடிப்பாதை, குடியிருப்பு எவ்வளவு அருகில், கடந்த ஆண்டுகளில் அங்கே தீ எத்தனை முறை, என்ன வகைக் காடு, காற்று எப்படி, சரிவு எவ்வளவு செங்குத்து.

சரிவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். சமதரையில் தீயின் நாக்கு மேல்நோக்கி எழும்; சரிவில் அது மேலே உள்ள புல்லின்மீது சாய்ந்து, தான் சேர்வதற்கு முன்பே அதைச் சுட்டுக் காயவைத்துவிடுகிறது. சரிவு ஒவ்வொரு பத்துப் பாகை கூடும்போதும் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் புழங்கும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்களைக் காய்ந்த புல்சரிவில் தீ சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேலே ஓடித் தப்பலாம் என்ற எண்ணம் சரிவில் எவ்வளவு ஆபத்தானது என்பதை மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அடுக்குகள் ஒன்றுசேரும் இடங்களே தீத்தடுப்பு வேலைக்கு முன்னுரிமை பெற வேண்டியவை. தீத்தடுப்புக் கோடு என்பது புல்லையும் சருகையும் அகற்றி மண் தெரியும்படி வைக்கும் நீண்ட பட்டை. தீ வந்தால் தாண்ட எரிபொருள் இல்லாமல் நின்றுவிடும். மலை முழுவதும் கோடு போடுவதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஜனவரியிலேயே எந்தச் சரிவு வழக்கத்தைவிட வேகமாகக் காய்கிறது என்று தெரிந்தால், கோட்டை எங்கே அகலப்படுத்துவது, தீக்காவலர்களை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கலாம். தரைப்பரப்பு வெப்பநிலைத் தரவின் நேரடியான பயன் இதுதான்.

தீப்புள்ளி எப்படிப் பிறக்கிறது

இனி மற்ற வரைபடத்துக்கு வரலாம். தீ உண்மையிலேயே பிடித்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கும் முறை வேறு. முன்பு சொன்ன இரண்டு அலைநீளங்களை ஒட்டிய 11 மைக்ரானும் 4 மைக்ரானும் இங்கே கைகொடுக்கின்றன.

சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 என்ற செயற்கைக்கோள்களில் வியர்ஸ் என்ற கருவி இருக்கிறது. அதன் தீப்புள்ளிச் சதுரம் 375 மீட்டர். இரவில் 27 டிகிரியில் இருக்கும் அப்படிப்பட்ட ஒரு சதுரத்துக்குள், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் மட்டும் 727 டிகிரியில் தீ எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுரத்தின் பரப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 11 மைக்ரான் அலைநீளத்தில் அந்தத் தீ, அதே அளவுள்ள தரையைவிட 30 மடங்கு அளவுக்குத்தான் கூடுதலாகக் கதிர் வீசும். சதுரம் முழுவதற்கும் கலந்துவிட்டால் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி ஏறியதாகத் தெரியும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் 4 மைக்ரானில் அதே தீ தரையைவிட 4,500 மடங்கு அளவுக்குக் கதிர் வீசும். அந்த அலைநீளத்தில் பார்த்தால் அதே சதுரம் 68 டிகிரி போலத் தோன்றும். ஓர் அலைநீளம் 28 என்கிறது, மற்றொன்று 68 என்கிறது. இந்த முரண்பாடுதான் தீயின் கையொப்பம். கணினி அந்தச் சதுரத்தைச் சுற்றியுள்ள சதுரங்களோடும் ஒப்பிட்டு, அக்கம்பக்கத்தைவிடத் தனித்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே புள்ளி வைக்கிறது.

இந்தியாவில் டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இத்தகைய புள்ளிகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பிவருகிறது. இப்போது பதிவு செய்துகொண்டவர்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் வருகிறது.

புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று பொருளல்ல

வியர்ஸ் நம் தலைக்கு மேல் கடப்பது மதியம் ஒன்றரை மணியை ஒட்டியும் பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டியும். மாலை ஐந்து மணிக்குப் பிடித்து இரவு பத்து மணிக்குள் அணைந்த தீ அதன் கண்ணில் படாமலே போகலாம். மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியிலும் கோரிமேட்டிலும் மொட்டை மாடியில் நின்று சரிவில் நெளியும் தீக்கோட்டைப் பார்த்தவர்கள், மறுநாள் வரைபடத்தில் புள்ளி இல்லாததைக் கண்டு குழம்புவது இதனால்தான். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் நம் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கு ஒருமுறை பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றின் வெப்பச் சதுரம் நான்கு கிலோமீட்டர். முன்பு சொன்ன பத்து மீட்டர்த் தீ அதில் ஒரு டிகிரிகூட மாற்றம் காட்டாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உருக்காலை உலை, பெரிய சூளை, எரியும் கரும்புத் தோகை எல்லாமே புள்ளியாக விழும். கருவிக்கு வெப்பம் தெரியும்; காடா வயலா என்பது தெரியாது. தொடர்ந்து பல மாதங்கள் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலை.

நீங்களே தீப்புள்ளி வரைபடத்தைப் பார்ப்பவராக இருந்தால் முதலில் நேரத்தைப் பாருங்கள். உலகப் பொதுநேரத்தில் கொடுத்திருந்தால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 08:00 என்பது நமக்கு மதியம் 1:30. அடுத்து இடம். புள்ளி சதுரத்தின் நடுவைக் காட்டுகிறது. தீ அந்தச் சதுரத்துக்குள் எங்கும், நடுவிலிருந்து இருநூறு மீட்டர் அளவுக்குத் தள்ளியும், இருக்கலாம். மலையில் அந்த இருநூறு மீட்டர் ஒரு பள்ளத்தாக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள வேறுபாடாகிவிடும். நம்பகத்தன்மை குறைவு என்று குறித்திருக்கும் ஒற்றைப் புள்ளியைப் பகிர்வதற்கு முன் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். அடுத்தடுத்த செயற்கைக்கோள்கள் ஒரே சரிவில் புள்ளி வைத்து, அவை மேல்நோக்கி நகர்ந்திருந்தால், அல்லது வரைபடத்தில் எதுவுமே இல்லாமல் உங்கள் கண்ணுக்குச் சரிவில் தீ தெரிந்தால், அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்காமல் வனச்சரக அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கோ அழைத்து, எந்தச் சரிவு, எந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு அருகில், எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று சொல்லுங்கள்.